வளைக்கரடிக்கு உடுப்புப் போட்டவள்

இன்னொரு ஆளுக்கு உடுப்புப் போட்டுவிடுறதும் ஒரு தொழிலோ எண்டு கேக்கிற ஆக்கள், கடுங்குளிரில மூண்டு வயசுப் பிள்ளைக்குப் பனி உடுப்பு, தொப்பி, கையுறை, சப்பாத்து எல்லாம் பூட்டி முடிச்சுக் கதவைத் திறக்கேக்க "அம்மா, ஒண்டுக்கு வருது" எண்டு கேட்ட தாய்மாரிட்டப் போய்க் கேளுங்கோ. அந்தத் தாய்மாருக்குத் தான் இதை எழுதுறன். உங்களுக்கு அது ஒரு பிள்ளையோட, குளிர்காலம் முடிய முடிஞ்சிடும். எனக்கு அது ஒரு காடு நிறைஞ்ச விலங்குகளோட, இருட்டுக்குள்ள, காலமை ரெண்டு தரம். அதுக்குள்ள மூத்த பிள்ளைக்கு ஐம்பது வயசு தாண்டிட்டுது, தாடி இருக்கு, வாலும் இருக்கு.

ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருசத்தில, ஜேர்மனியில ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துச் சின்ன நகரம் ஒண்டின்ர நாடக அரங்கில நான் உடுப்புக்காரி. நத்தார் எண்டுற கிறிஸ்மஸ் கிட்டினால் இஞ்ச ஒவ்வொரு அரங்கும் பிள்ளையளுக்கெண்டு ஒரு நாடகம் போடும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா வந்து இறங்குவினம். அந்த வருசம் போட்டது ஒரு பழைய சாகச நாவல். இஞ்ச பிறந்து வளர்ந்த சனம் முழுக்கச் சின்னனில வாசிச்ச புத்தகம் அது. ஒரு பிரபு கூண்டில அடைச்சு வைச்சிருக்கிற தங்கட சொந்தக்காரரை மீட்கிறதுக்காக, மாப் பிசையிற பெரிய தொட்டி ஒண்டைப் படகாக்கி ஆத்தில இறங்கிற மிருகங்களின்ர கதை. காகத்துக்கு வாசிக்கத் தெரியும், முள்ளெலிக்குச் சமைக்கத் தெரியும், நரிக்குப் பொய் சொல்லத் தெரியும். எல்லாத்துக்கும் தலைவர் டாக்ஸ். டாக்ஸ் எண்டால் தமிழில வளைக்கரடியாம். நான் கண்டதில்லை. படத்தில பாக்கக் கீரியும் கரடியும் கலியாணம் முடிச்ச மாதிரி இருந்தது. என்ர மகள் ஆரணி தன்ர வகுப்பில தலை நிமிர்ந்து நடக்கிறதோ இல்லையோ எண்டது அந்த டாக்ஸின்ர கையில போய் விழுந்ததும் அந்த வருசந்தான்.

சாறியில எடுத்த பரீட்சை

அரங்குக்கு வர முதல் நான் ஒரு தையல்கடையில காற்சட்டை கட்டையாக்கிக்கொண்டு இருந்தனான். சனி ஞாயிறில எங்கட ஆக்களின்ர கலியாணங்களில பொம்பிளைக்குச் சாறி உடுத்திவிடுவன். அரங்கில உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பு ஹில்டா. முகத்துக்கு நேர ஹில்டா, மனசுக்குள்ள ஹில்டா அக்கா. வேலை கேட்டுப் போன அண்டைக்கு அவ என்ர சான்றிதழைத் திரும்பியும் பாக்கேல்லை. "அவசரத்தில கை நடுங்காதோ?" எண்டு மட்டும் கேட்டா. எனக்கு அப்ப தெரிஞ்ச டொச் மொழியில அதுக்கு மறுமொழி சொல்ல ஏலாது. பைக்குள்ள ஒரு சாறி இருந்தது. எடுத்து, அவவின்ர ஜீன்ஸுக்கு மேலாலையே மடிப்பு வைச்சு, தலைப்பை எறிஞ்சு, உடுத்திவிட்டிட்டன்.

மனிசி கண்ணாடிக்கு முன்னால நிண்டு குனிஞ்சு பாத்தா. குதிச்சுப் பாத்தா. கதிரைக்கு மேல ஏறி இறங்கியும் பாத்தா. சாறி அசைஞ்சால் தானே! பிறகு பொத்தான் எங்க, சிப் எங்க எண்டு தடவித் தடவித் தேடினா. ஒண்டும் அகப்படேல்லை. கடைசியில சொன்னா:

"பொத்தான் ஒண்டும் இல்லாமல் இவ்வளவு துணியை ஒரு ஆளில நிப்பாட்டுறீர் எண்டால், உம்மை நம்பி டாக்ஸைத் தரலாம்."

எஸ்-பானில அழுதது

வேலைக்குச் சேந்த உடன ஹில்டா அந்த நாவலைக் கையில தந்து, வாசிச்சுப்போட்டு வாரும் எண்டிட்டா. எந்த மிருகம் எப்ப நனையும், எப்ப கிழியும் எண்டு தெரியாமல் உடுப்பை ஆயத்தம் செய்ய ஏலாதாம். ஐயோ, நான் டொச்சில அதுவரைக்கும் வாசிச்சது மருந்துப் போத்தலும் வாடகை வீட்டுக்காரன் அனுப்பிற கடுதாசியும் தான். எஸ்-பான் ரயிலில போக வர, அகராதியை மடியில வைச்சுக்கொண்டு தொடங்கினன். முதல் நாள் ஒரு பக்கம். ஒரு கிழமை போக, அகராதியைப் பிரிக்க மறந்துபோனன். நான் இறங்கவேண்டிய இடத்தையும் ரெண்டு தரம் விட்டிட்டன்.

முள்ளெலி தொட்டியில இருந்து ஆத்துக்குள்ள விழுற இடம் ஒண்டு இருக்கு. இருட்டு, வெள்ளம், மற்றதுகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப்போகுதுகள். எனக்குத் தெரிஞ்ச முள்ளெலியோ, இல்லை. ஆனா நான் விக்கி விக்கி அழுதன். சனம் நிறைஞ்ச பெட்டி, ஒரு சத்தம் இல்லை. இஞ்ச ஆரும் ஆரையும் பாக்கிறதில்லை எண்டு தெரியும் தானே உங்களுக்கு. எனக்குப் பக்கத்தில கோட்டும் சூட்டுமா, வங்கியில பெரிய வேலை பாக்கிறவர் போல ஒரு வயசுபோன மனிசன். அவர் மெல்ல எட்டி, என்ர புத்தகத்தில திறந்திருந்த பக்கத்தைப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு ரகசியம் சொல்லுற மாதிரி:

"இன்னும் ரெண்டு அத்தியாயம் பொறுங்கோ அம்மா, அது தப்பி வரும். நான் பொறுக்க ஏலாமல் எட்டு வயசில கடைசிப் பக்கத்தைப் பாத்திட்டன்."

நாவூறு

முதற்காட்சிக்கு முன்னம் நாடகக்காரர் ஒருத்தரின்ர தோளுக்கு மேல ஒருத்தர் துப்பிற மாதிரிச் செய்து "தொய் தொய் தொய்" எண்டு வாழ்த்துவினம். அதுக்கு நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் நாடகம் படுத்திடும். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. டாக்ஸா நடிக்கிற விங்க்ளர், நல்ல மனிசன், என்ர தோளுக்கு மேலையும் வந்து தொய் தொய் சொன்னார். வாழ்த்தின ஆளுக்கு நன்றி சொல்லாமல் விட்டால் எங்கட வளர்ப்பு என்னாகிறது? வாய் நிறைய நன்றி சொன்னன். அவ்வளவு தான். காகம் கையை நெஞ்சில வைச்சுது. நரி சுவரில சாஞ்சுது. விங்க்ளர் வெளிறிப்போனார், முகத்தில பூசின டாக்ஸ் ஒப்பனைக்குள்ளாலையும் அது தெரிஞ்சுது.

செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்ய வேணுமே. ஒப்பனை மேசையில கிடந்த கறுப்பு மையைத் தொட்டு, விங்க்ளரின்ர காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வைச்சுவிட்டன். எங்கட ஊரில பிள்ளைக்கு நாவூறு கண்ணூறு படாமல் இப்பிடித் தான் செய்யிறது எண்டு விளங்கப்படுத்தினன். அண்டைக்கு நாடகம் பிச்சு உதறிச்சுது. கைதட்டு நிக்கவே இல்லை. அடுத்த நாள் நான் வரேக்க என்ர மேசைக்கு முன்னால நரி, காகம், முயல், கீரிக்குட்டியள், வாத்தியக்காரர் எல்லாரும் காதைக் காட்டிக்கொண்டு வரிசையில நிக்கினம். ஒப்பனைக்குப் பொறுப்பான மனிசிக்குக் கோவம் வரப்போகுது எண்டு பயந்தன். அவவும் வரிசையில தான் நிண்டவ. சொன்னா:

"முகம் முழுக்க என்ர பொறுப்பு. ஆனா காதுக்குப் பின்னால நான் கை வைக்கமாட்டன், அது உம்மட துறை."

புட்டும் டாக்ஸும்

ஆரணிக்கு அப்ப எட்டு வயசு, மூண்டாம் வகுப்பு. அவளைச் சாப்பிட வைக்கிறதெண்டால் எனக்குச் சீவன் போயிடும். ஒருநாள் டாக்ஸின்ர தலையில மயிர் கழண்டு போய், தைக்கிறதுக்கெண்டு ஹில்டாவைக் கேட்டு வீட்டை கொண்டுவந்தன். மேசையில ஆரணி புட்டைக் கிளறிக்கொண்டு இருக்கிறாள். எனக்கு எங்கயிருந்து அந்தப் புத்தி வந்ததோ, தலையை எடுத்து மாட்டிக்கொண்டு, தடிச்ச குரலில "கப்பல் தலைவரின்ர கட்டளை! தட்டு காலியாக வேணும்!" எண்டன். பிள்ளை கண்ணை விரிச்சுக்கொண்டு முழுசாச் சாப்பிட்டு முடிச்சுது. என்ர மனிசன், இவரும், தனக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினார். பிறகு தலை வீட்டில நிண்ட நாள் முழுக்க எங்கட வீட்டில டாக்ஸ் ஆட்சி தான்.

அந்தக் கிழமை வகுப்பில ரீச்சர், அம்மா அப்பா என்ன வேலை எண்டு கேட்டிருக்கிறா. ஒருத்தியின்ர தாய் பல் டொக்டர், ஒருத்தன்ர தகப்பன் பஸ் ஓட்டுறார். எங்கட ஆள் எழும்பி நிண்டு, "என்ர அம்மா டாக்ஸ்" எண்டிருக்கிறாள். எனக்கு இது தெரியவந்தது பள்ளிக்கூட வாசலில. ரீச்சர் ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சு, நத்தாருக்கு முதல் வியாழக்கிழமை வகுப்பு முழுக்க நாடகத்துக்கு வருது, பிள்ளையள் உங்களைப் பாக்கத் துடிக்கினம் எண்டு சொல்லுறா. நான் வாயைத் திறக்க, ஆரணி என்ர மற்றக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அண்ணாந்து பாக்கிறாள். திறந்த வாயை மூடிட்டன். வீட்டை போற வழியில தான், நான் உடுப்புப் போட்டுவிடுற ஆள் மட்டுந்தான், டாக்ஸா நடிக்கிறது விங்க்ளர் எண்டு பக்குவமாச் சொன்னன். அவள் யோசிச்சுப்போட்டுச் சொன்னாள்:

"அது லேசு அம்மா. அவரைக் கழட்டிப்போட்டு நீங்கள் போடுங்கோவன்."

நரியின்ர காது

இந்த நாவலை நாடகமாப் போடுறதில ஒரு வில்லங்கம் இருக்கு. பாக்க வாற பிள்ளையளுக்கு அது மனப்பாடம். ஒருநாள் நரி மேடையில நடுவுக்கு வந்து கையை விரிச்சுப் பேசத் தொடங்க, முன்வரிசையில இருந்து ஒரு கீச்சுக்குரல்: "பிழை! நரிக்கு ஒரு காது இல்லை! மூண்டாம் அத்தியாயத்தில பொறியில அறுந்து போயிட்டுது!" அவ்வளவு தான், மண்டபம் முழுக்க "காது! காது!" எண்டு கத்துது. நரியா நடிச்ச பெடியன் பாவம், ஒரு காதைக் கையால பொத்திக்கொண்டு மிச்சத்தைப் பேசி முடிச்சான்.

இடைவேளையில நெறியாளர் கத்தரிக்கோலோட என்னட்ட வந்து நிக்கிறார். அழகான காது, ஹில்டா தன்ர கையால செய்தது. அவ என்னைக் கொலைசெய்யப் போறா எண்டு நினைச்சுக்கொண்டு வெட்டினன். விளிம்பை மடிச்சுத் தைச்சுப் பழங்காயம் போல ஆக்கிவிட்டன். ரெண்டாம் பாதியில நரி ஒத்தைக் காதோட வர, பிள்ளையள் எழும்பி நிண்டு கைதட்டினதைப் பாக்க வேணும். நெறியாளர் எனக்குப் பக்கத்தில திரைக்குப் பின்னால நிண்டு சொன்னார்:

"பேப்பரில எழுதிற ஆக்கள் பிழை சொன்னால் நான் சண்டைக்குப் போவன். எட்டு வயசு பிழை சொன்னால் தைக்கத் தான் வேணும்."

யோனாஸ் கொண்டுவந்த படம்

அந்த வியாழக்கிழமைக்கு முந்தின திங்கள். ஆரணி பள்ளிக்கூடத்தால வந்து, கோட்டும் கழட்டாமல், நடையில சப்பாத்துகளுக்குப் பக்கத்தில குந்திட்டாள். அவளின்ர வகுப்பில யோனாஸ் எண்டொரு பெடியன். அவன் ஞாயிற்றுக்கிழமையே தாய் தகப்பனோட நாடகம் பாத்திட்டு, அரங்கில விக்கிற நாடகப் படப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறான். அதில டாக்ஸ் தலையைக் கக்கத்தில இடுக்கிக்கொண்டு, தாடியும் சிரிப்புமா விங்க்ளர். கீழ பெயரும் போட்டிருக்கு. வகுப்பு முழுக்க இவளைப் "பொய்க்காரி" எண்டிருக்குதுகள். ரீச்சர் அடக்கினவவாம், ஆனா விளையாட்டு நேரத்தில இவளோட ஒருத்தரும் சேரேல்லை. "எனக்கு வியாழக்கிழமை வயித்துக்குத்து வரும்" எண்டு பிள்ளை முன்கூட்டியே சொல்லிவைச்சுது. எனக்கு நெஞ்சு வெந்து போச்சு. அவள் பொய் சொல்லேல்லை. அவள் கண்ட டாக்ஸ் நான் தானே!

அடுத்த நாள் மேடைக்குப் பொறுப்பான பெற்றாவிட்டப் போனன். மேடையில எந்த விளக்கு எப்ப எரியும், எந்த ஆள் எப்ப போகும் எண்டு எல்லாம் அவவின்ர சொல்லில தான் நடக்கும். முழுக்கதையும் சொன்னன். கடைசியில எல்லாரும் வந்து வணங்கேக்க, ஒரு ஓரத்தில, ஒரு நிமிசம், அந்தத் தலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க விடுங்கோ எண்டு கெஞ்சினன். பெற்றாவுக்கும் கண் கலங்கிட்டுது. மேல போய்க் கதைச்சுப்போட்டு வாறன் எண்டு போனா. நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டன். திரும்பி வந்து, என்ர தோளில கையை வைச்சு, செத்தவீட்டில கதைக்கிற மாதிரிச் சொன்னா:

"மனசு விடுது, நெறியாளரும் விடுறார், ஆனா காப்புறுதி விடாதாம்."

வியாழக்கிழமை

வயித்துக்குத்துக்கு டொக்டரின்ர துண்டு இல்லாமல் இஞ்ச பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிக்க ஏலாது. இவர் ஆரணியைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய் விட்டிட்டு வேலைக்குப் போனார். நான் திரையின்ர ஓட்டையால பாத்தன். மூண்டாம் வரிசை, கரையில, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு என்ர பிள்ளை. பக்கத்துக் கதிரை ஒண்டு வெறுமையாக் கிடக்கு.

நாடகத்தில டாக்ஸ் பிரபுவின்ர ஆக்களிட்டப் பிடிபடுற இடம் ஒண்டு. விங்க்ளர் உறுமிக்கொண்டு மேடையை விட்டு ஓடிவருவார். நான் நல்ல உடுப்பைக் கழட்டி, நனைஞ்சு கிழிஞ்ச உடுப்பைப் பூட்டித் திருப்பி அனுப்ப வேணும். அதுக்கிடையில மேடையில முள்ளெலியும் காகமும் "எங்கட தலைவருக்கு என்ன நடந்ததோ" எண்டு இருட்டுக்குள்ள காதைக் குடுத்துக் கேட்டுக்கொண்டு நிப்பினம். அண்டைக்கு எண்டு பாத்துக் கிழிஞ்ச உடுப்பின்ர சிப் இடுப்பில இறுகிட்டுது. மேலையும் இல்லை, கீழையும் இல்லை. இருட்டு, விங்க்ளர் பதறி ஆடுறார், எனக்கு மகளின்ர தொப்பி தான் கண்ணுக்குள்ள நிக்குது. டொச் எல்லாம் பறந்து போச்சு. தமிழில கத்தினன்: "ஆடாமல் நில்லுங்கோ எண்டால் நில்லுங்கோ! வயித்தை உள்ளுக்கு இழுங்கோ! இன்னும்! இன்னும் இழுங்கோ! காலமையே வெண்ணெய் பூசி மூண்டு பிறெட்சல் ஆர் உங்களைத் தின்னச் சொன்னது?"

என்ர குரல் எங்கேயோ தூரத்தில திரும்பிக் கேக்குது. முதலில விளங்கேல்லை. பிறகு தான் பாத்தன், விங்க்ளரின்ர கன்னத்தில ஒட்டியிருக்கிற மைக். வெளிய இருந்து உறுமிற சத்தம் கேக்க வேணுமெண்டு ஒலிக்காரர் திறந்து வைச்சவர், மூட மறந்திட்டார். நான் பிறெட்சலைப் பற்றி ஏசினது மண்டபம் முழுக்க இடி மாதிரி விழுந்திருக்கு. வேலை போச்சு எண்டு நினைச்சன்.

முள்ளெலியா நடிச்ச மோனிக்கா முப்பது வருசமா மேடையில நிக்கிற மனிசி. கொஞ்சமும் தடுமாறேல்லை. "கேட்டீரோ காகம்? எங்கட டாக்ஸ் தன்ர ஆதி மொழியில கூப்பிடுது!" எண்டா. காகமும் லேசுப்பட்ட ஆளில்லை. "நான் எல்லாப் புத்தகமும் வாசிச்சனான், ஆனா இந்த மொழி எனக்குத் தெரியாதே! இஞ்ச ஆருக்காவது விளங்கிச்சோ?" எண்டு பிள்ளையளைப் பாத்துக் கேட்டுது.

மூண்டாம் வரிசையில தொப்பி எழும்பிச்சுது. கதிரைக்கு மேலையே ஏறி நிண்டுட்டாள். "எனக்கு விளங்கும்! அது என்ர அம்மா! வயித்தை உள்ளுக்கு இழுக்கட்டாம்! ஏன் மூண்டு பிறெட்சல் திண்டது எண்டு கேக்கிறா!"

அந்தச் சிரிப்பை நான் என்னெண்டு சொல்ல! ரீச்சர்மார் கண்ணைத் துடைக்கினம், மேடையில மோனிக்கா முள்ளுக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறா. அந்த நேரம் பாத்துச் சிப் தானாப் பூட்டுப்பட்டுது. விங்க்ளர் என்ர கன்னத்தில ஒரு முத்தம் தந்திட்டு, கட்டளைக்குப் பணிஞ்ச டாக்ஸா, வயித்தை எக்கி இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி மேடைக்கு நடந்து போனார். மண்டபம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. நான் இருட்டுக்குள்ள, கழட்டின வாலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதன். சந்தோசத்தில தான்.

நாடகம் முடிய வாசல் மண்டபத்துக்கு ஓடினன். ஆரணியைச் சுத்தி வகுப்பு முழுக்க நிக்குது. தொப்பி கையில. "எனக்கும் சொல்லித் தா, வயித்தை இழு எண்டு எப்பிடிச் சொல்லுறது?" எண்டு ஒவ்வொண்டும் கேக்குது. இவள் பெரிய ரீச்சர் மாதிரி, ஒழுங்கா நிண்டால் தான் சொல்லித் தருவன் எண்டு அதட்டுறாள். யோனாஸ் மட்டும் அந்தப் புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, ஒருக்கா என்னைப் பாக்கிறான், ஒருக்கா விங்க்ளரின்ர படத்தைப் பாக்கிறான். "சரி, உன்ர அம்மா தான் டாக்ஸ்" எண்டு கடைசியா ஒத்துக்கொண்டான். "அப்ப இந்தத் தாடிக்காரர் ஆர்?"

ஆரணி படத்தைத் திரும்பியும் பாக்கேல்லை.

"அவர் டாக்ஸின்ர வயிறு."

திரைக்குப் பின்னால ஊமையா நிண்டு வேலை செய்யிற எங்களுக்கு ஆயிசில ஒருக்கால் எண்டாலும் சபை கேக்க நாலு வார்த்தை பேசக் கிடைக்கிறது பெரிய பாக்கியம், அந்த நாலையும் நான் ஒரு மனிசன்ர தொந்தியை ஏசிறதில செலவழிச்சுப்போட்டன்.